ஆடுவோரும் ஆக்குவோரும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் புகைவண்டியில் செல்லும் அன்பர்கள், சோலையார்பேட்டையைக் கடந்த சிறிது நேரத்தில், கன்னட நாட்டை அடைவதற்கு முன்னர், ஆந்திர நாட்டின் ஒரு முனையைத் தொட்டுச் செல்கின்றனர். இதனைப் பலர் கவனிப்பதில்லை. குப்பம், குடுப்பள்ளி என்னும் நிலையங்கள் வருகின்றன, போகின்றன. அந்தக் குப்பத்துக்கு வடக்கே, பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருப்பது சாந்திபுரம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், மூன்று மாநிலங்கள் கூடும் நிலப்பகுதி அது. அங்குள்ள சந்தைகளில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிப்பது வியப்பன்று.

மொழி மூன்றாயினும், அவ்வீட்டுத் திண்ணைகளில் ஆடப்பெறும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒன்றே. நாம் பரமபதம் என்று சொல்வதைத் தெலுங்கர் வைகுண்டபாளி என்பர். நம் பல்லாங்குழி அவர்களுக்கு வாமனகுண்டலு; கன்னடியருக்கு அளகுளி மணே. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடிய பழக்கம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நல்வினைக்கு ஏணி, தீவினைக்குப் பாம்பு. தாயக்கட்டை உருளும் ஓசையிலேயே குழந்தை ஓர் அறநூலைப் படித்துவிடுகிறது. ஆங்கிலேயர் இந்த ஆட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, தம் ஒழுக்கக் கோட்பாடுகளுக்கு ஏற்பப் பாம்புகளுக்கும் ஏணிகளுக்கும் வேறு பெயரிட்டனர்.

ஆகவே, ஆட்டத்தின் வாயிலாகப் பாடம் புகட்டுவது புதிய கருத்தன்று. ஆனால் இவ்வாட்டங்களில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆக்கியவர் பெரியவர், ஆடுபவர் சிறியவர். எந்தச் செயலுக்கு ஏணி வைப்பது, எதற்குப் பாம்பை வரைவது என்று சிந்தித்தவர் யாரோ ஒரு பெரியவரே. சிறுவன் கட்டையை உருட்டினான், அவ்வளவே. இந்த முறையைத் தலைகீழாக்கி, பாடம் புகட்டும் ஆட்டத்தைச் சிறுவரே ஆக்கினால் என்ன என்று கேட்டவர்கள் கணிப்பொறி தோன்றிய பிறகே வந்தனர். அவர்கள் கதையையே இன்று கூற விரும்புகிறோம்.

கணிப்பொறி வந்த தொடக்கத்தில் பழைய முறையே நீடித்தது. 1971ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டான் ராவிட்ஷ் என்னும் பயிற்சி ஆசிரியர், எட்டாம் வகுப்பு மாணவருக்கு வரலாறு கற்பிக்க ஓர் ஆட்டம் வேண்டினார். அவருடன் தங்கியிருந்த பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் என்னும் இரு கணித ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் அதற்கான நிரலை எழுதித் தந்தனர். மாட்டு வண்டியில் மேற்குத் திசை நோக்கிக் குடிபெயர்ந்த மக்களின் ஒரிகன் பயணமே அவ்வாட்டம். அப்பள்ளியின் பொறிக்குத் திரைகூட இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற ஒன்று காகிதத்தில் வினாவை அச்சிடும், மாணவர் விடையைத் தட்டுவர். பிள்ளைகள் பேரார்வத்துடன் ஆடினர். ஆயினும், உணவுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, நோய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்றெல்லாம் கணக்கிட்டு, அந்தப் பயணத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் அம்மூன்று இளைஞர்களே என்பதை யாரும் மறுக்க இயலாது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் வியப்பில்லை. ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது புரிந்தது போலவே இருக்கும். அதனை இன்னொருவருக்கு இன்னொரு மொழியில் சொல்ல முற்படும்போதுதான், நமக்கே அது புரியவில்லை என்பது வெளிப்படும்.

ஒரிகன் ஆட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1967ஆம் ஆண்டில், சீமோர் பாப்பர்ட் என்னும் கணித அறிஞரும், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும், சிறுவர் எழுதுவதற்கென்றே லோகோ என்னும் நிரல்மொழியை வகுத்திருந்தனர். பாப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்; ஜெனிவாவில் உளவியல் அறிஞர் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பொறி சிறுவனைப் பழக்குவதற்குப் பதிலாகச் சிறுவன் பொறியைப் பழக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. லோகோவில் ஓர் ஆமைக்கு ஆணையிடலாம். முன்னே இத்தனை அடி செல், வலப்புறம் இத்தனை பாகை திரும்பு என்றால், அது சென்ற வழியெல்லாம் கோடு விழும். சதுரம் வரைய விரும்பும் சிறுவன், தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்த்துக் கோணத்தைக் கண்டறிவான்.

1980ஆம் ஆண்டில் பாப்பர்ட் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தமிழ் படிப்போர் அனைவரும் அறியத்தக்க நிகழ்ச்சி அது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, கணிப்பொறி தானாகவே கவிதை போன்ற தொடர்களை அமைக்குமாறு நிரல் எழுத முயன்றாள். சொற்களை ஒரே குவியலாகக் கொட்டியபோது பொறி பொருளற்றுப் பிதற்றியது. பெயர்களை ஒரு பெட்டியிலும் வினைகளை வேறொரு பெட்டியிலும் இட்டால்தான் வாக்கியம் வாக்கியமாகும் என்பதை அவளே கண்டாள். பள்ளியில் இலக்கணம் படித்தபோது, பெயரென்றும் வினையென்றும் எதற்காகப் பிரிக்கின்றனர் என்பது அவளுக்கு விளங்கியதே இல்லையாம். அன்று விளங்கிற்று. நன்னூலை நெட்டுருச் செய்து, அதன் பயன் தெரியாமலே தேர்வு எழுதிய நம் தலைமுறையினர் இதனைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்.

பாப்பர்ட்டின் வாக்கில் நம்பிக்கை மிகுதி. அந்த நம்பிக்கை முழுவதும் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்விக் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீயும் மிடியன் குர்லண்டும் ஆராய்ந்து, 1984ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். லோகோ நிரல் எழுதக் கற்ற பிள்ளைகள், பிற காரியங்களைத் திட்டமிடுவதில் மற்றப் பிள்ளைகளைவிடச் சிறந்து விளங்கவில்லை என்று அவர்கள் கண்டனர். நிரல் எழுதுவது தன்னளவில் அறிவை வளர்க்கும் மந்திரம் அன்று. இக்காலத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் நிரல் கற்பிப்பதாக விளம்பரம் செய்து பெற்றோரிடம் பெருந்தொகை பெறுவோர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இவ்வாராய்ச்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்தக் குறைக்கு விடை கண்டவர் பாப்பர்ட்டின் மாணவி ஐடிட் ஹரேல். பாஸ்டன் நகரின் ஹென்னிகன் தொடக்கப் பள்ளியில், 1980களின் பிற்பகுதியில், நான்காம் வகுப்பு மாணவர் 17 பேருக்கு அவர் ஒரு வேலை தந்தார். பின்னம் என்னும் கணிதப் பகுதியைத் தம்மினும் இளைய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நிரலை அவர்கள் ஆக்க வேண்டும். என்ன காட்டுவது, எதை முதலில் சொல்வது, எங்கே பிள்ளை இடறும் என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்தனர். அரையாண்டுப் பருவம் முடிந்தபோது அவர்கள் நிரல் எழுதுவதில் மட்டுமன்றிப் பின்னத்திலும் பிறரை விஞ்சியிருந்தனர். அரை என்பது வட்டத்தை இரண்டாக வெட்டிய துண்டு மட்டுமன்று, எந்தப் பொருளிலும் எந்த வடிவிலும் அரை உண்டு என்பது, கற்பிக்க முற்பட்டபோதுதான் அவர்களுக்குத் தெளிவாயிற்று. நிரல் இங்கே இலக்கு அன்று, கருவியே. எதிரே ஓர் இளைய பிள்ளை அமர்ந்திருப்பதாக எண்ணி எழுதினர் என்பதே வேறுபாடு.

ஹரேலுக்குப் பின் யாஸ்மின் கஃபாய் அதே நகரில் 16 பிள்ளைகளைக் கொண்டு பின்னம் கற்பிக்கும் ஆட்டங்களை ஆக்கச் செய்து, 1995ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட செய்திகளுள் ஒன்று நம்மைப் பரமபதத்துக்கே அழைத்துச் செல்கிறது. தவறான விடை தந்தால் ஆடுபவனுக்கு என்ன நேர வேண்டும் என்று முடிவு செய்வதில் சிறுவரும் சிறுமியரும் வேறுபட்டனர். சிறுவர் ஆக்கிய ஆட்டங்களிற் பலவற்றில் பிழை செய்தவன் உயிரிழந்தான், அல்லது வேறு கொடிய தண்டனை பெற்றான். சிறுமியர் பெரும்பாலும் மீண்டும் முயல வாய்ப்பளித்தனர். பாம்பின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது ஆக்குவோன் உள்ளத்தைப் பொறுத்தது போலும்.

மேற்கூறியோர் எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையுள்ள பருவத்தினருக்கு இம்முறையைக் கொண்டு சென்றவரும் ஹரேலே. 2006ஆம் ஆண்டில் அவர் குளோபலோரியா என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் மேற்கு வர்ஜீனியா மாநிலப் பள்ளிகளில் அது வேரூன்றியது. நிலக்கரிச் சுரங்கங்களும் மலைக்கிராமங்களும் நிறைந்த, செல்வம் குறைந்த மாநிலம் அது. மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, அறிவியலோ குடிமையியலோ ஒரு பொருளைத் தேர்ந்து, அதனைக் கற்பிக்கும் ஆட்டத்தை வரைந்து, நிரல் எழுதி, பிறர் ஆடிப் பார்த்துக் குறை கூறக் கேட்டுத் திருத்தினர். அவர்கள் அந்நாளில் கையாண்ட ஃபிளாஷ் என்னும் மென்பொருள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு வழக்கொழிந்தது. இதே 2007ஆம் ஆண்டில், மிட்செல் ரெஸ்னிக் என்பாரும் அவர் குழுவினரும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆக்கிய ஸ்கிராட்ச் உலகுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஆணைகளைத் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவது போலத் திரையில் அடுக்கினாற் போதும். அதன் பின்னர் ஆட்டம் ஆக்குவது எளிய பள்ளிகளுக்கும் எட்டும் செயலாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1984-85ஆம் ஆண்டில் மத்திய அரசு, சுமார் 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியது. அதற்கு வாங்கப்பட்டவை, பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் தன் நேயர்களுக்குக் கணிப்பொறியைக் கற்பிக்கும்பொருட்டு ஏற்பாடு செய்த பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு பொறிகள். வானொலி நிலையம் ஒன்று கணிப்பொறிக்குப் பெயர் தந்த இந்த வரலாறு நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவதே. பிரிட்டனில் அப்பொறிகளின் முன் அமர்ந்த இளைஞர் பலர் தம் அறைகளில் தாமே ஆட்டங்களை எழுதிப் பழகினர். இங்கோ ஒரு பொறியைச் சுற்றிப் பலர் நின்றனர். ஆயத்தமாக வந்த நிரல்களைக் கண்டனர். மணி அடித்ததும் கலைந்தனர்.

சாந்திபுரம் வழியே செல்லும் அந்த நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் பயணம் செய்தால் பலமனேர், புங்கனூர் கடந்து மதனப்பள்ளியை அடையலாம். தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது. அதன் அருகே அவர் நிறுவிய ரிஷிவேலிப் பள்ளி உள்ளது. அங்கே பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுத்தனர். பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படமிட்டு, அவற்றைச் சுவரில் ஓர் ஏணியாக வரிசைப்படுத்தினர். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறும். பின்தங்கியதென்று எந்தப் பிள்ளையையும் பாம்பு விழுங்குவதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் 2003ஆம் ஆண்டில் ரிஷிவேலி சென்று இதனைக் கற்று வந்தனர். செயல்வழிக் கற்றல் என்னும் பெயரில் 2007ஆம் ஆண்டு முதல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. தெலுங்கு அட்டைகளாகத் தோன்றிய ஏணி, தமிழ் அட்டைகளாக எல்லை கடந்தது. இத்தகைய கொடுக்கல் வாங்கலைச் செய்தித்தாள்கள் கொண்டாடுவதில்லை; எல்லைப் பூசல்களுக்குத்தான் அங்கே இடம்.

அதே சாலையின் தென்பகுதியில் வேறொரு முயற்சி நடந்தது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனமும் அன்றைய ஆந்திர அரசும் சேர்ந்து, குப்பம், சாந்திபுரம் உள்ளிட்ட மண்டலங்களில் கணிப்பொறி நிலையங்களை அமைத்தன. உள்ளூர் மக்கள் அங்கே சென்று விண்ணப்பம் தயாரிக்கலாம். விலை நிலவரம் அறியலாம். அத்திட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி, சுய உதவிக் குழுப் பெண்களிடம் எண்முறைப் புகைப்படக் கருவியையும், சூரிய ஒளியால் இயங்கும் சிறு அச்சுப் பொறியையும் தந்தது. அவர்கள் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுத் தந்து பொருள் ஈட்டினர். நிலையத்துக்கு வந்தவர்கள் பொறி தந்ததைப் பெற்றுச் சென்றனர். அப்பெண்களோ பொறியைக் கொண்டு ஒன்றை ஆக்கினர்.

குப்பத்துக்கு அருகே குடிவங்காவில், 172 ஏக்கர்ப் பரப்பில், 1999ஆம் ஆண்டில் ராம்ஜி ராகவன் முதலியோர் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளையின் அறிவியல் வளாகம் உள்ளது. சுற்றுவட்டக் கிராமப் பிள்ளைகள் அங்கே வந்து, எளிய பொருள்களால் ஆன கருவிகளைத் தம் கையால் தொட்டுச் சோதனை செய்கின்றனர். அவர்களுட் சிலரை இளம் பயிற்றுநராகத் தேர்ந்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விடுவது அவ்வமைப்பின் வழக்கம். ஹென்னிகன் பள்ளியில் ஹரேல் கண்ட உண்மையை இவர்கள் கணிப்பொறி இல்லாமலே செயலிற் காட்டுகின்றனர்.

ஆகவே, ஏணியும் உண்டு, இளம் ஆசிரியரும் உண்டு, பொறியும் வந்து சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஆந்திர அரசு, தன் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவருக்குக் கைக்கணினிகளை வழங்கியது. ஆனால் அவற்றில் பாடங்கள் முன்னரே ஏற்றப்பட்டிருந்தன. பிள்ளை பார்க்கலாம், கேட்கலாம், வினாவுக்கு விடை தரலாம். பாம்பையும் ஏணியையும் வேறு எங்கோ இருந்தவர் வரைந்து அனுப்பியிருந்தார்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தூர்ப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை, டில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் வாழும் நம் பிள்ளைகளின் நிலையை ஒத்ததே. வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் வேறு மொழி படிப்பர். தமிழ் எழுதுவது மெல்ல நழுவிப் போகும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துகளை எழுதச் சொன்னால் முகம் சுளிப்பர். ஆனால் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணிடம், உன் தம்பிக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆட்டம் ஒன்றை ஆக்கித் தா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் அவள் அவ்வெழுத்துகள் வரும் சொற்களைத் தேட வேண்டும். வலியும் வளியும் வழியும் வேறென்று தானே அறிய வேண்டும். ஐயம் வந்தால் பாட்டியைக் கேட்க வேண்டும். தம்பி கற்பானோ இல்லையோ, அக்காள் கற்றுவிடுவாள்.

அதற்குரிய கருவிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இறுதி அலகு ஸ்கிராட்ச்சை அறிமுகம் செய்கிறது. அதற்கும் முன்னரே, முத்து அண்ணாமலை என்னும் பொறியாளர் எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை வகுத்து, 2009ஆம் ஆண்டில் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதன் அமைப்பில் ஒரு நயம் உண்டு. ஆங்கிலத்தை ஒட்டிய நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும்; நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முன்னே நிற்க, ‘ஆனால்’ என்னும் சொல் பின்னே வருகிறது. மழை பெய்தால் என்று நாம் பேசுகிற ஒழுங்கு அதுவே.

இக்கருவிகளுள் எதையேனும் கொண்டு சாந்திபுரத்துப் பெண்ணொருத்தி பல்லாங்குழியை ஆக்க முற்படுவதாகக் கொள்வோம். குழிகள் பதினான்கு. எடுத்த முத்துகளை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடு, கை வெறுமையாகும் வரை இதனையே செய் என்று ஆணையிடுவது எளிது. பதினான்காம் குழிக்குப் பின் என்ன? பதினைந்தாம் குழி இல்லையே. எண்ணைப் பதினான்கால் வகுத்து மீதியைக் கொள்ளலாம் என்று அவள் நினைப்பாள். பதினைந்துக்கு மீதி ஒன்று. முதற் குழி வந்துவிட்டது. ஆனால் பதினான்குக்கு மீதி சுழியாகும். பதினான்காம் குழி திரையிலிருந்து காணாமற்போகும். அரைநாள் தவித்தபின், குழிகளை ஒன்றிலிருந்து எண்ணாமல் சுழியிலிருந்து பதின்மூன்று வரை எண்ணினால் எல்லாம் ஒழுங்காகும் என்று காண்பாள். வகுத்தலில் மீதி எதற்கு என்பதை எந்தத் தேர்வும் அவளுக்கு இவ்வளவு ஆழமாகச் சொல்லியிருக்காது. இனி அதனைத் தம்பிக்குக் கற்பிக்க வேண்டுமானால், முத்துகளை இடுவதற்கு முன், கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று ஆட்டம் அவனைக் கேட்கச் செய்தாற் போதும். அவன் தவறாகச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் அவள் முடிவு செய்தாக வேண்டும்.

அதற்குமேல் தான் வழக்கு. குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வர். வெறுங்குழியைத் தடவி அடுத்த குழியை எடுத்தபின் ஆட்டத்தைத் தொடரலாமா, எதிரிக்கு விட வேண்டுமா? ஊருக்கு ஊர் முறை வேறு. திண்ணையில் ஆடியபோது சண்டையிட்டுத் தீர்த்துக்கொண்டோம். பொறி அவ்வாறு விடாது. ஒரு முறையைத் தெளிவாகச் சொல் என்று நிற்கும். அவள் எழுந்து சென்று பாட்டியைக் கேட்பாள். பாட்டி ஒன்று சொல்வாள். தெலுங்கு பேசும் தோழியின் பாட்டி வேறொன்று சொல்வாள். திரையில் அந்தக் குழிக்குப் ‘பசு’ என்று எழுதுவதா, தோழி வீட்டில் வழங்கும் சொல்லை எழுதுவதா, இரண்டையும் எழுதி ஆடுபவரே தேர்ந்துகொள்ள விடுவதா என்று அவ்விருவரும் அன்று மாலை வரை பேசிக்கொண்டிருப்பர்.